விரிசலும் வரவுசெலவும்

என் தங்கை லண்டனில் ஹாரோ பகுதியில் வசிக்கிறாள். வீட்டின் பின்புறத்தை விரிவாக்கிக் கட்டித் தந்த ஒப்பந்தக்காரர் மீது அவளும் கணவரும் 2022-இல் வழக்குத் தொடுத்தார்கள். அஸ்திவாரம் இறங்கிச் சுவர் பிளந்துவிட்டது. சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் அழைத்தாள். “அண்ணா, வக்கீல் பட்ஜெட்டைத் திருத்தணுங்கிறார். வழக்குக்கு எதுக்கு பட்ஜெட்?”

தமிழ் வாத்தியாருக்கு என்ன தெரியும்? அவள் அனுப்பிய தாள்களை ஒரு வாரம் படித்தேன்.

இங்கிலாந்தில் தோற்றவர் வென்றவரின் செலவையும் தர வேண்டும் என்பது பொதுவிதி. அந்தச் செலவு கட்டுமீறிப் போகாதிருக்க, ரூபர்ட் ஜாக்சன் என்னும் நீதிபதியின் அறிக்கையை ஒட்டி 2013 ஏப்ரலில் ஓர் ஏற்பாடு வந்தது. பெரிய வழக்குகளில் ஆவணம், சாட்சியம், நிபுணர் அறிக்கை, விசாரணை எனக் கட்டம் கட்டமாக இனி ஆகும் செலவை ‘எச்’ படிவத்தில் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். நீதிமன்றம் ஏற்ற தொகையைப் பின்னால் தக்க காரணமின்றி மீற முடியாது. அதே ஆண்டு, ‘சன்’ நாளிதழ் மீது வழக்காடிய ஆண்ட்ரூ மிட்சல் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் வழக்கறிஞர்கள், ஏழு நாள் முன்பே தர வேண்டிய பட்ஜெட்டை விசாரணைக்கு முந்தைய நாள்தான் தந்தார்கள். அவர்கள் கேட்டது 5,06,425 பவுண்டு. கிடைத்தது நீதிமன்றக் கட்டணத்துக்கு மட்டும் அனுமதி! (அந்தக் கடுமை 2014-இல் வேறொரு தீர்ப்பால் தளர்ந்தது.)

ஆனால் வழக்கு என்பது கல்யாணச் செலவு போன்றது. எழுதி வைத்த கணக்கில் நிற்பதில்லை. ஆகவே குறிப்பிடத்தக்க புதுத் திருப்பம் நேர்ந்தால் பட்ஜெட்டை ஏற்றியோ இறக்கியோ திருத்தியே ஆக வேண்டும். 2020 அக்டோபர் முதல் அதற்கு ‘டி’ படிவம். தாமதியாமல் முதலில் எதிர்த்தரப்பிடம் காட்ட வேண்டும், பிறகு நீதிமன்றத்திடம். அந்தத் திருப்பத்தால் கூடிய செலவை மட்டுமே கேட்கலாம். அது பழைய கணக்கில் சேராதது என்று சான்றும் தர வேண்டும்.

தங்கையின் வழக்கில் நடந்தது இது. பக்கத்து வீட்டு மரவேர்களே காரணம் என்று ஒப்பந்தக்காரர் திடீரென வாதத்தை மாற்றினார். மண்ணியல் நிபுணர் ஒருவர் புதிதாகத் தேவைப்பட்டார். அந்தச் செலவை நீதிபதி ஏற்றார். கட்டடப் பொறியாளரின் அறிக்கைக்கு நினைத்ததைவிட அதிகமாகிவிட்டது என்று வழக்கறிஞர் கேட்ட 9,000 பவுண்டை மறுத்தார். அது திருப்பமல்ல, முதலிலேயே குறைத்துப் போட்ட கணக்கு என்றார். நியாயம்தான். அந்தக் கணக்கைப் போட்டவர் வழக்கறிஞர். பணம் மட்டும் என் தங்கையுடையது. வென்றாலும் அது திரும்பி வருவது அரிது.

சார்லஸ் டிக்கன்ஸ் 1852-53-இல் எழுதிய ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில், தலைமுறைகளாக நடந்த வழக்கு ஒருநாள் சட்டென்று முடியும். சொத்து முழுவதையும் செலவே தின்றிருக்கும். அதை அவளிடம் சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன்.

“விரிசல் இப்போ எப்படியிருக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

“சுண்டுவிரல் நுழையுது அண்ணா” என்றாள்.