சேமச் சக்கரம்

புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், பொகுட்டெழினி என்னும் தலைவனுக்கு, உப்பு வாணிகராகிய உமணர் தம் வண்டியின் அடியிற் கட்டிச் செல்லும் சேம அச்சினை உவமை கூறுகின்றார். மேடும் பள்ளமுமாகிய நெடுவழியில் எவ்விடத்து என்ன நேருமென்று அறியாமையால் அவ்வுமணர் வேறோர் அச்சினையும் உடன்கொண்டு சென்றனர். இப்பாட்டினை வகுப்பிற் கேட்டபொழுது எமக்கு உவமையின் நயத்தினும் பிறிதொரு வினாவே மனத்தில் முந்தி எழுந்தது. அவ்வச்சினை இரவில் எவரேனும் அவிழ்த்துக்கொண்டு போகாதவாறு உமணர் என்ன செய்தனர் என்பதே அது. ஆசிரியரை வினவ நாணி வாளா இருந்தோம். வினா எழுந்ததற்குக் காரணம் உண்டு. அதனையே ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

எம் தந்தையார் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலும் தேரிக்காட்டுச் சிற்றூர்களிலும் நற்செய்தி ஊழியம் செய்து வருபவர். அவருக்குப் பழைய வேன் ஒன்று உண்டு. பின்னிருக்கைகள் இருந்த இடத்தில் இரு பலகைகளைச் சேர்த்தமைத்த படுக்கையும், சிறியதோர் அடுப்பும், தண்ணீர்க் கேனும், வேதப்புத்தகப் பெட்டியும் இருக்கும். (வண்டியின் அமைப்பை இவ்வாறு மாற்றுதற்கு ஒப்புதல் வேண்டி அவர் நடந்த நடையை எழுதப்புகின் அது தனியொரு காவியமாய் விரியும்.) செல்வர் இத்தகைய வண்டியைக் கேம்பர் வேன் என்று அழைத்து உல்லாசப் பயணம் செல்வர். எம் வீட்டில் அதற்குக் 'கூடாரம்' என்று பெயர். பின்கதவின் வெளிப்புறத்தே மூன்று மரையாணிகளில் மாட்டப்பெற்றுத் தொங்குவது அதன் ஐந்தாம் சக்கரம்.

இச்சக்கரத்தை நம் நாட்டார் 'ஸ்டெப்னி' என்பர். பழைய மோட்டார் வண்டிகள் சேமச் சக்கரம் இன்றியே விற்கப்பட்டன. 1904-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு லனெல்லி என்னும் ஊரில் டேவிஸ் என்னும் குடும்பப் பெயருடைய உடன்பிறந்தார் இருவர், ஆரங்கள் இல்லாத ஓர் இரும்பு வட்டத்தில் காற்றடைத்த டயரை ஏற்றி, பழுதுற்ற சக்கரத்தோடு அதனைப் பிணைத்து ஓட்டும் வகை கண்டனர். அவ்வூர் ஸ்டெப்னி தெருவின் பெயரே அப்பொருளுக்கும் பெயராயிற்று. இங்கிலாந்தார் பெரும்பாலும் மறந்துவிட்ட அச்சொல்லை நம் பஞ்சர்க் கடைகள் இன்றும் காத்து வருகின்றன. 'சாவி' என்பதோ போர்த்துக்கீசியர் தந்த சொல். ஆகவே 'ஸ்டெப்னிச் சாவி' என்று சொல்லும்பொழுது யாம் இரண்டு தேசங்களைக் கடந்து விடுகின்றோம். ஔவையார் தந்த சொல் இருக்க அத்துணைத் தொலைவு செல்வானேன்? சேமச் சக்கரம் என்றே எழுதுகின்றோம்.

எம் பதினேழாம் வயதில் ஒருநாள், சிற்றூர் ஒன்றில் கூட்டம் முடிந்தபின் குடும்பத்தோடு வண்டியிலேயே படுத்துறங்கினோம். விடியலில் இறங்கிப் பார்க்கச் சக்கரத்தைக் காணோம். மூன்று நட்டுகளும் தரையில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எம் தலைக்கும் அச்சக்கரத்திற்கும் இடையே இருந்தது ஒரு தகடு மட்டுமே. அத்துணை அமைதியாக வேலை செய்திருக்கின்றான்! "வேண்டியவன் கொண்டு போயிருப்பான்" என்றார் தந்தையார். "அவனுக்கு வேண்டும் என்றால் நமக்கு வேண்டாமா?" என்றார் எம் அன்னையார். அவ்வினாவிற்கு விடை கூறாமலே தந்தையார் வேதப்புத்தகத்தை விரித்தார்.

இனிச் சொல்வதைச் சொல்ல எமக்கு நாணம். அதற்கு இரண்டு நாள் முன்னர்த்தான் எம் ஊர்ப் பஞ்சர்க்கடை அண்ணாச்சி அச்சக்கரத்திற்கு ஒட்டுப் போட்டுத் தந்து, "டயர் நல்ல டயர், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று சொல்லியிருந்தார். அச்சொல் இப்பொழுது எம் நெஞ்சில் வேறு பொருள் தந்தது. மிதிவண்டிக்குக் காற்றடிப்பவர்போல அவர் கடைக்குச் சென்று, சுவரிற் சாய்ந்திருந்த டயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக உற்று நோக்கினோம். எமது இல்லை. திரும்பியபொழுது அண்ணாச்சி எம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றடித்துக் கொடுத்தார். காசு நீட்டியதற்கு, "வேண்டாம் தம்பி" என்று கையை விலக்கினார்.

புதுச் சக்கரம் வாங்கிய பின்னர்ப் பூட்டின் ஆராய்ச்சி தொடங்கியது. உறவினர் ஒருவர் திண்டுக்கல் பூட்டு ஒன்றும் சங்கிலி ஒன்றும் கொணர்ந்தார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்கு ஏற்ற பூட்டுத்தான் அது. குற்றம் பூட்டினது அன்று, சங்கிலியினது. பள்ளந்தோறும் அது கதவில் அடித்து வண்ணத்தைச் சுரண்டியதோடு, ஜெபக்கூட்டத்திற்கு நாங்கள் வருவதை அரை மைலுக்கு முன்னரே ஊருக்கு அறிவித்தது. அதனைக் கழற்றிவிட்டு மூடிப்பூட்டு ஒன்று வாங்கினோம். பொருத்தியவர் அதே அண்ணாச்சிதான். எம் ஊரில் வேறு கடை இல்லை.

அதன் அமைப்பு எளியது. மூன்று நட்டுகளுள் ஒன்றைக் கழற்றி, விளிம்புடைய எஃகு வட்டில் ஒன்றை மரையாணியிற் கோத்து, அதன்மேல் நட்டினை மீண்டும் முடுக்குதல் வேண்டும். பின்னர்க் கிண்ணம் போன்ற எஃகு மூடியை நட்டின்மேற் கவிழ்த்து அழுத்தினால் அது வட்டிலின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். திறவுகோல் இன்றி மூடி வாராது. மூடி வாராமல் ஸ்பானர் நட்டினை அடையாது. அண்ணாச்சி மரையாணியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கிரீஸை மெல்லிதாகத் தடவினார். மூடி உட்காரும் இடத்தில் துருவும் மணலும் இல்லாமல் துடைத்தார். "இரண்டு நாள் ஓடியபின் ஒருமுறை நட்டை முடுக்குங்கள், புது வட்டில் அமுங்கும்" என்றார். "மாதம் ஒருமுறை பூட்டைத் திறந்து மூடுங்கள்" என்றும் சொன்னார். இரு திறவுகோல்களையும் தந்தையார் எம் கையிற் கொடுத்தார். முடுக்குதலைச் செய்தோம். மாதம் ஒருமுறை திறந்தோம் இல்லை.

பதினான்கு மாதங்கள் சென்றன. ஐப்பசி மழையில் ஓர் இரவு, பெரியதாழையிலிருந்து மூச்சுத் திணறலால் வருந்திய பாட்டி ஒருவரைத் திருச்செந்தூர் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றோம். குலசேகரன்பட்டினத்தை அணுகும்பொழுது இடப்பக்கத்துப் பின் டயர் வெடித்தது. ஜாக்கியை வைத்துவிட்டுப் பூட்டில் திறவுகோலை நுழைத்தோம். பாதிவரை சென்று நின்றது. அழுத்தித் திருப்பினோம். திறவுகோலின் தலை எம் விரலிடையே இருந்தது. உடல் பூட்டினுள்ளே தங்கியது.

1861-இல் லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர் உரிமம் பெற்ற ஊசிப்பூட்டின் வழியில் வந்தவையே இவையெல்லாம். உள்ளே சிறு ஊசிகள் சுருள்வில்லால் அழுத்தப்பட்டு நிற்கும். திறவுகோலின் பல் அவற்றைச் சரியான அளவிற்கு உயர்த்தினாலன்றி உருளை சுழலாது. எம் பூட்டிலோ உப்புக் காற்றும் தேரியின் செம்மணலும் சேர்ந்து ஊசிகளை இறுக்கிவிட்டன. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் துருவையும் திருடரையும் ஒருங்கே வைத்துப் பேசியதை எம் தந்தையார் பன்முறை பிரசங்கித்திருக்கின்றார். யாம் திருடரை மட்டுமே செவிக்கொண்டோம்.

வண்டியினுள் பாட்டியின் மூச்சு, அறுபடும் கயிறுபோல ஓசையிட்டது. எம் அன்னையார் அவரைத் தோளிற் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கல்லொன்றை எடுத்துப் பூட்டின்மேல் அடித்தோம். "விடப்பா, கையைக் காயப்படுத்திக்கொள்ளாதே" என்றார் தந்தையார். அவர் எம்மைக் கடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். 108-க்குச் சொல்லிவிட்டு நின்ற வேளையில் மீன் ஏற்றிய சிறுவண்டி ஒன்று வந்தது. ஓட்டியவர் ஒன்றும் கேளாது பெட்டிகளை ஒதுக்கி இடம் செய்தார். பெற்றோர் இருவரும் பாட்டியோடு சென்றனர். யாம் கூடாரத்துக்குக் காவலாக நின்றோம். பாட்டி பிழைத்துக்கொண்டார் என்னும் செய்தி மூன்று மணியளவில் வந்தது. அதுவரை யாம் செய்த ஜெபத்திற்கு இலக்கணம் இல்லை.

விடிந்தபின் அண்ணாச்சி துளையிடும் கருவியோடு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். உருளையின் நடுவே துளையிட்டு ஊசிகளை உதிர்த்து, கால் மணி நேரத்தில் மூடியைக் கழற்றினார். சக்கரத்தை இறக்கி விரலால் அழுத்திப் பார்த்துச் சிரித்தார். அதில் காற்று பாதிகூட இல்லை. பூட்டு திறந்திருந்தாலும் அன்றிரவு வெகுதூரம் சென்றிரோம்! கொண்டுவந்த கைப்பம்பினால் இருவரும் மாறிமாறி அடித்தோம். அப்பொழுதுதான், "அண்ணாச்சி, அன்று உங்கள் கடையில் நாங்கள்..." என்று தொடங்கினோம். "தெரியும் தம்பி. அடிங்க, காற்று இறங்கப்போகிறது" என்றார்.

இரண்டாவது பூட்டு இப்பொழுது இருக்கின்றது. மாதத்தின் முதற் சனிக்கிழமை அதற்குரியது. துளையில் எண்ணெய் விடுவதில்லை. எண்ணெய் மணலைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும் என்பது அண்ணாச்சியின் போதனை. பென்சிற் கரியைச் சீவிப் பொடியாக்கித் திறவுகோலில் தடவி நாலைந்து முறை நுழைத்தெடுக்கின்றோம். பதவுரை எழுதிய பென்சில்களுக்கு இவ்வாறும் ஒரு பயன். துளைக்குமேல் ரப்பர் மூடி உண்டு. மழைக்காலத்தில் ஒவ்வொரு பயணத்தின் பின்னும் மூடியைக் கழற்றி உள்ளே துடைத்து, மரையாணிக்குக் கிரீஸ் தடவுகின்றோம். சேமச் சக்கரத்தின் காற்றையும் மற்ற நான்கினோடு சேர்த்துப் பார்க்கின்றோம்.

திறவுகோல்களை இம்முறை தந்தையார் எம்மிடம் இரண்டாகத் தரவில்லை. ஒன்றை வண்டித் திறவுகோலோடு கோத்துக்கொண்டார். மற்றொன்றை யார் கையில் கொடுப்பது என்று எம்மையே கேட்டார். அது இப்பொழுது பஞ்சர்க் கடையில், காற்றழுத்தமானி தொங்கும் ஆணியிலேயே தொங்குகின்றது.