காந்தம் பிடிக்காத பொடி

மழை பெய்ஞ்சு ஓய்ஞ்சதும் எங்க தெருவோரம் தண்ணி ஓடின தடத்துல கறுப்பா மணல் கோடு கோடா படிஞ்சிருக்கும். உடைஞ்ச ரேடியோவோட ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தத்தை நூல்ல கட்டி அதுல இழுத்துட்டுப் போனா, முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கிட்டு ஒட்டும். அதை ஒரு தீப்பெட்டியில சேர்த்து வைக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டியில எங்க செட்டுக்கு ஒரு பெரிய தொழில். எதுக்குன்னு கேக்காதீங்க, எங்களுக்கே தெரியாது :-)

சரி, கொசுவத்தியை அணைச்சிட்டு விஷயத்துக்கு வர்றேன். அந்த தீப்பெட்டி புத்தி பெரியவனானப்புறமும் போகல. மூணு வருஷம் முன்னாடி, ஆபீஸ்ல ஆணி குறைவா இருந்த ஒரு நாள், இணையத்துல ஒரு காந்த டிரெயின் பிளக் வாங்கினேன். 349 ரூபாய். கார் என்ஜினுக்கு அடியில ஆயிலை வடிக்க ஒரு போல்ட் இருக்கும் இல்லையா, அதே போல்ட்தான். நுனியில மட்டும் சின்னதா ஒரு காந்தம் பதிச்சிருக்கும். ஆயில்ல மிதக்குற இரும்புத்தூளை எல்லாம் இது பிடிச்சு வச்சுக்குமாம், என்ஜின் ஆயுசு கூடுமாம்.

அப்பாகிட்ட காட்டினேன். இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினவர். ஏற்காடு மலையோட இருபது கொண்டை ஊசி வளைவும் அவருக்கு மனப்பாடம். பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "லாரி கிரவுன்ல இந்த மாதிரி இருக்கும் கண்ணு. என்ஜினுக்கு எதுக்கு? அங்கதான் பில்டர் இருக்கே"ன்னார். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. பொறியியல் படிச்சவன் நான்தானே!

இப்ப யோசிச்சா அந்த ஒரு வரியிலேயே மொத்த விஷயமும் இருக்கு. கிரவுன்னு அவர் சொன்னது பின் ஆக்சில்ல இருக்கிற டிஃபரன்ஷியலை. அங்க பல்லும் பல்லும் உரசுற வேலை. விழுற தூளில் பெரும்பகுதி எஃகு. வழக்கமா அங்க ஆயில் பில்டர் கிடையாது. அதனால காந்தம் வச்சே ஆகணும். பல மேனுவல் கியர்பாக்ஸ்லயும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோட அடித்தட்டுலயும் கம்பெனியே காந்தம் வைக்கிறது இதே காரணத்துக்குத்தான். விமான என்ஜின்லயும் உண்டு. அங்க தூள் ஒட்டி ரெண்டு முனைக்கும் இணைப்பு ஏற்பட்டா பைலட்டுக்கு எச்சரிக்கை விளக்கே எரியும்.

கார் என்ஜின் கதை வேற. சம்ப்ல இருக்கிற ஆயில் முதல்ல ஒரு சல்லடை வழியா பம்புக்குப் போகும். அங்கிருந்து பில்டர். அதுக்கப்புறம்தான் பேரிங்குகளுக்கு. அதாவது சம்ப்ல கிடக்குற தூள் எதுவா இருந்தாலும், பேரிங்கைத் தொடுறதுக்கு முன்னாடி பில்டரைத் தாண்டியாகணும். பொதுவா 25, 30 மைக்ரானுக்கு மேல இருக்கிறதை பில்டர் நல்லாவே பிடிக்கும். நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான். அதைவிடப் பொடிசு பில்டர்ல நழுவும். அங்கதான் காந்தத்துக்குக் கொஞ்சம் வேலை இருக்கு. எவ்வளவு பொடிசா இருந்தாலும், இரும்பா இருந்து பக்கத்துல வந்தா பிடிச்சுக்கும். ஆனா ரெண்டு நிபந்தனையையும் கவனிங்க: இரும்பா இருக்கணும், பக்கத்துல வரணும். இது போக சூடு வேற. சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரி தாண்டினாலே வலு குறைய ஆரம்பிக்கும். ஓடுற என்ஜின்ல ஆயில் 100 டிகிரி பக்கம் இருக்கும். சூடு தாங்குற ரகம் தனியா இருக்கு. 349 ரூபாய்க்கு எது வருதுன்னு பெட்டியில போடல.

இதெல்லாம் அப்புறமா படிச்சது. அப்ப நான் பண்ணினதைச் சொல்றேன்.

முதல் ஆயில் மாத்தினப்ப பிளக் நுனியில கண்மை மாதிரி கறுப்பா ஒரு சாந்து. விரல்ல தேய்ச்சா மைதான், நெறுநெறுப்பு இல்ல. அது சாதாரண தேய்மானம், பயப்பட வேண்டியதில்ல. ஆனா எனக்கோ தீப்பெட்டி நிறைஞ்ச சந்தோஷம். ரெண்டாவது தடவை பார்த்தா சாந்து பாதியா குறைஞ்சிருந்தது. என்ஜின் சுத்தமாயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அடுத்த தடவை புத்தகத்துல போட்டிருந்த கெடுவை 4,000 கிலோமீட்டர் தாண்டி ஓட்டினேன். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறதையும் விட்டாச்சு. காந்தம்தான் காவலுக்கு இருக்கே!

போன மாசிக்கு அம்மாவையும் அப்பாவையும் ஏத்திக்கிட்டு ஏற்காடு கிளம்பினேன். எங்க ஊர்ல இருந்து அடிவாரம் பக்கம்தான். பாதி வளைவு தாண்டி ஒரு பஸ்ஸுக்கு வழி விட நின்னேன். ஐடிலிங்ல ஆயில் விளக்கு மினுக்குனு எரிஞ்சு அணைஞ்சது. நான் கண்டுக்கல. பின்சீட்ல இருந்த அப்பா கண்டுக்கிட்டார். "நிறுத்துடா வண்டியை"ன்னு அவர் சொன்ன குரல் நான் சின்ன வயசுல கேட்டது. டிப்ஸ்டிக்கை உருவினா கீழ்க்கோட்டுக்கும் கீழ. அம்மா எதுவும் பேசாம தண்ணி பாட்டிலை நீட்டினாங்க. வண்டியைக் கட்டி இழுத்துத்தான் ஊர் சேர்ந்தோம்.

மறுநாள் வீட்டு வாசல்லயே ஆயிலை வடிச்சோம். பிளக் நுனி கிட்டத்தட்ட சுத்தம். "பாத்தீங்களாப்பா, ஒண்ணுமே இல்ல"ன்னேன். அவர் பிளக்கைப் பார்க்கவே இல்ல. ஆயில் தட்டை வெயில் படுற மாதிரி சாய்ச்சார். கறுப்பு ஆயிலுக்குள்ள வெள்ளியா மினுமினுன்னு ஒரு சுழி. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறையில தரையில சிந்துற பொடி மாதிரியே இருந்தது. பிளக்கை எடுத்து அதுக்குள்ள ஒரு சுத்து சுத்தினார். ஒரு பொடி கூட ஒட்டல.

"இது இரும்பில்ல கண்ணு. பேரிங்."

கிராங்க் சாஃப்ட்டைத் தாங்குற பேரிங் ஷெல்லோட முதுகு எஃகு. ஆனா உள்பூச்சு அலுமினியமும் வெள்ளீயமும் கலந்தது, சில வண்டிகள்ல செம்பும் ஈயமும். பிஸ்டன் அலுமினியம். ஏர் பில்டரைத் தாண்டி வர்ற தூசி மண். கரி கரி. இதுல எதையும் காந்தம் சீண்டாது. பழசான ஆயிலோட வலு போனதையும் அது சொல்லாது. நாங்க கும்பிடுற மாதிரி கைநீட்டுற காந்தத்துக்கு முன்னாடியே என் என்ஜின் கரைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. அவ்வ்வ்!

சம்ப்பை இறக்கிப் பார்த்த மெக்கானிக் அண்ணன், "தம்பி, நேத்து மேல வரைக்கும் ஏத்தியிருந்தா கிராங்க்கே போயிருக்கும்"னார். பேரிங் செட், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய். அப்பா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்தது.

எங்க ஊருக்கு இது புதுசா தெரிஞ்சிருக்க வேண்டிய பாடம் இல்ல. சேலத்துக்கு ஒரு பக்கம் கஞ்சமலை. மேக்னடைட் இரும்புத்தாது, காந்தம் பாய்ஞ்சு ஒட்டும். 1830-களில் ஹீத் துரை பரங்கிப்பேட்டையில இரும்பாலை நடத்தினதே சேலத்துத் தாதை நம்பித்தான். இன்னொரு பக்கம் எங்களுக்குக் கிட்டக்கவே சுண்ணாம்புக்கரடு. அங்க மேக்னசைட். பேர்ல மட்டும்தான் காந்த வாடை, காந்தம் வச்சா சீண்டாது. ஆனா உலைக்குள்ள இரும்பு உருகுற சூட்டைத் தாங்குற செங்கல் அதுலதான் செய்றாங்க.

கஞ்சமலை அடிவாரத்துல இருக்கிற சேலம் உருக்காலையோட எவர்சில்வரும் இதே கதைதான். பாத்திரக் கடையில "காந்தம் ஒட்டலைன்னா நல்ல சரக்கு"ம்பாங்க. ஃப்ரிட்ஜ் கதவுல இருந்த காந்தத்தை எடுத்து அம்மாவோட சமையக்கட்டு முழுக்க வச்சுப் பார்த்தேன். சிலது ஒட்டுச்சு, சிலது ஒட்டல. நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் சேர்த்த மலிவு ரகமும் ஒட்டாது. ஒட்டுறதுலயும் துருப்பிடிக்காத நல்ல ரகம் இருக்கு. காந்தம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மத்த கேள்வியெல்லாம் நாமதான் கேட்கணும்.

நம்ம தொழில்ல சொல்லணும்னா, லாக் ஃபைல்ல எரர் இல்லைன்னா புரோகிராம் சரியா ஓடுதுன்னு அர்த்தம் இல்ல. அந்த எரரை எழுதவே யாரும் கோடு போடாம இருந்திருக்கலாம். இதை ஆபீஸ்ல ஜூனியர் பசங்களுக்கு வாரம் ஒரு தடவை பாடம் எடுக்கிறவன் நான்!

அப்ப காந்த பிளக் வேஸ்ட்டா? இல்லைங்க. கெடுதல் பண்ணாது: மரை சரியா பொருந்தணும், வாஷர் புதுசா இருக்கணும், காந்தம் கழண்டு விழாதபடி பதிச்சிருக்கணும். நுனியில முள்ளு முள்ளா எஃகுச் சில்லு தட்டுப்பட்டா, உள்ளே ஏதோ உடையுதுன்னு முன்கூட்டியே தெரியும். அது நிஜமான லாபம். ஆயுசைக் கூட்டுறது அது இல்ல. நேரத்துக்கு மாத்துற ஆயிலும் பில்டரும், வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக்கும்தான். 

பிளக்கைக் கழட்டிடலாம்னு சொன்னேன். அப்பாதான் வேண்டாம்னார். "அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ பாக்கறதை விட்டுடாத."

இப்ப ஞாயித்துக்கிழமை காலையில பழைய துணியோட வாசல்ல நிக்கிறேன். அப்பா திண்ணையில இருந்து பேப்பர் படிக்கிற மாதிரி என் கையைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கார்.

டிஸ்கி: தீப்பெட்டி இன்னும் பரண்ல இருக்கு :-)