இலக்கும் இலக்கமும்

கொழுந்தெடுக்கும் மலைகளில் வாழ்வோர்க்குத் தராசின் குணத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று தோட்ட நிர்வாகம் விதித்துவிட்டால், அரைப்பேராகிவிடுமோ என்னும் அச்சத்தில் கைகள் விரைகின்றன. இரண்டு இலையும் ஒரு குருத்தும் என்ற நியதி மெல்லத் தளர்கிறது. முற்றிய இலையும் காம்பும் கூடைக்குள் வந்து சேர்கின்றன. நிறை ஏறுகிறது, தேயிலையின் தரம் இறங்குகிறது. புளத்கொகுபிட்டியவில் இருந்துகொண்டு லண்டன் மாநகரப் பொலிஸாரைப் பற்றி எழுதப் புகுந்த நமக்கு முதலில் நினைவில் வந்தது இந்தத் தராசுதான்.

லண்டன் பொலிஸ் படையை 1829இல் அமைத்தவர் சேர் ரொபர்ட் பீல். கள்வனைப் பிடிப்பதினும் களவு நிகழாமற் காப்பதே தலையாய கடமை என்பது, அப்படைக்கு அன்று விடுத்த முதல் அறிவுறுத்தல்களிலேயே உள்ளது. உயரிய நோக்கந்தான். ஆயினும், நிகழாத களவை எந்த ஏட்டில் எழுதுவது? எவ்வாறு எண்ணுவது?

2013இல் அந்நகரின் மேயராயிருந்த பொரிஸ் ஜோன்சன் இதற்கு மூன்று இருபதுகளை வகுத்தார். குறித்த ஏழு வகைக் குற்றங்கள் நூற்றுக்கு 20 குறைய வேண்டும். பொலிஸார்மீது மக்கள் கொண்ட நம்பிக்கை நூற்றுக்கு 20 உயர வேண்டும். செலவும் நூற்றுக்கு 20 குறைய வேண்டும். செவிக்கு இனிய கணக்கு! (வீட்டுச் செலவில் இப்படியொரு விதியைக் கணவன்மார் செய்தால் அடுப்படியில் என்ன நேரும் என்பதை இல்லத்தரசிகள் நன்கறிவர்.) அவ்வாண்டு நவம்பரிலேயே அப்படையின் கான்ஸ்டபிள் ஒருவர் பாராளுமன்றக் குழுவின் முன் தோன்றினார், ஏட்டில் ஏறிய வீடுடைப்புக்கள் பின்னர் திருத்தப்பட்டு மறைந்துபோவதைச் சாட்சியாகச் சொன்னார். 2014 ஜனவரியில் அந்நாட்டுப் புள்ளிவிவர அதிகாரசபை, பொலிஸாரின் குற்றப் பதிவுகளுக்கு வழங்கியிருந்த தேசியத் தரச் சான்றை மீளப் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் பொலிஸ் பரிசோதகர்களின் அறிக்கை வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மக்கள் முறையிட்ட குற்றங்களில் நூற்றுக்கு 19 ஏட்டில் ஏறவேயில்லை என்றது அது. ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேல். பாலியற் குற்றங்களில் இது நூற்றுக்கு 26. ஒரு பெண் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு வந்து சொல்லியதை எழுதாது விட்டால், அதுவும் குற்றம் குறைந்ததாகவே கணக்கில் விழும்.

நம் நாட்டில் கணக்கு மறுதிசையில் ஓடியது. 2023 டிசம்பர் 17இல் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையின்போது, ஒவ்வொரு 24 மணித்தியாலத்திலும் கைதானோர் தொகை நாள்தோறும் வெளிவந்தது. 29,000 பேருக்கு மேல் கைதாகிவிட்டதை 2024 ஜனவரியில் சுட்டிக்காட்டிய ஐக்கிய நாடுகள் மனித உரிமை நிபுணர்கள், நடவடிக்கையை நிறுத்தி மீளாய்வு செய்யக் கோரினர். அங்கே எழுதாமையால் சிறப்பு. இங்கே எழுதித் தள்ளுவதால் சிறப்பு. பிடிபட்டவர் எவர், வழக்கு என்னவாயிற்று என்பவை நாள்தோறும் வந்த அந்த இலக்கங்களில் இல்லை.

நம் அயல் லயத்துப் பெண் ஒருத்தியின் தோடு களவுபோனபோது, துணைக்கு நாமும் ஒரு பொலிஸ் நிலையத்துக்குச் சென்றிருந்தோம். எந்த நிலையம் என்பது வேண்டாம். அவள் தமிழில் சொன்னாள். இளம் உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டின் 16ஆம் திருத்தமோ, நிர்வாகம் சிங்களத்தில் நடக்கும் பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையைத் தந்தது. ஆனால் அன்று அந்த மேசையில் தமிழ் எழுதத் தெரிந்தவர் எவருமில்லை.

அவள் கையொப்பமிடுமுன் நாம் ஏட்டை வாங்கி வாசித்தோம். தோடு ‘காணாமற் போயிற்று’ என்று இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவள் பதறிப் போனாள். “நான் தொலைக்கலீங்க ஐயா, பெட்டியை ஒடைச்சுக் களவெடுத்திட்டுப் போயிட்டாங்க!”

உத்தியோகத்தர் மறுப்பேதும் கூறவில்லை. அச்சொல்லை வெட்டி, மேலே ‘களவு’ என்றெழுதி, ஓரத்தில் சிற்றொப்பமும் இட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. காலை முதல் அமர்ந்திருந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்த நேர்மைக்கு அவர் நிலையம் பெறும் பலனை எண்ணிப் பார்த்தோம். அம்மாதக் களவுகளில் ஒன்று கூடிற்று. மேலிடத்தில் தாளைப் புரட்டுவோர்க்கு, அந்நிலையம் ஒரு படி தாழ்ந்ததாகவே தோன்றும். பொலிஸாரைச் சோதிக்க வருவோர் ஏட்டோடு நில்லாது லயத்து வாசலுக்கும் வந்து, முறையிடப் போனவர் யார், போகத் துணியாதவர் யார், ஏன் என்று கேட்டால் வேறொரு கணக்குக் கிடைக்கும். நமக்குத் தெரிந்து அப்படி ஒருவரும் இதுவரை வந்ததில்லை.

தோடும் இன்னும் கிடைக்கவில்லை. காதில் வேப்பங்குச்சியோடுதான் அவள் கொழுந்துக்குப் போகிறாள்.