நெல்லிக்குப்பம் முதல் நெய்வேலி வரை... ஓடுகிறவர்களே, உடம்பு சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்!

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில், ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது நெல்லிக்குப்பம். ஊர் என்றாலே சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். 19-ம் நூற்றாண்டிலேயே இங்கு கால் பதித்த பாரி நிறுவனத்தின் ஆலை அது. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

அந்த நெரிசல் தொடங்கும் முன்பே, இருட்டோடு இருட்டாக இந்தப் பகுதிச் சாலைகளில் ஓடும் கால்களும் உண்டு. எடை குறைக்க ஓடுபவர்கள், சர்க்கரை நோய்க்காக டாக்டர் சொல்லி ஓடுபவர்கள், காக்கிச் சட்டைக் கனவோடு ஓடும் இளைஞர்கள் எனப் பலரும் அதில் அடக்கம்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவரும் இந்த ஓட்டத்தில் தவறினால், அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் சிலருக்கு வயது வரம்பே தாண்டிவிடும்.

அதனால்தான் பலர் அவசரப்படுகிறார்கள். அந்த அவசரமே காலை வாரி விடுகிறது.

மூச்சு பழகிவிடும்... எலும்பு பழக நாளாகும்!

எழுத்துத் தேர்வு முடிவு வந்த மறுநாளே பயிற்சி தொடங்குவதும், முதல் வாரமே தினமும் முழு வேகத்தில் ஓடுவதும்தான் அதிகம் பேர் செய்யும் தவறு. இரண்டு, மூன்று வாரங்களில் மூச்சு வாங்குவது குறைந்துவிடும். 'உடம்பு பழகிவிட்டது' என்று நினைத்து தூரத்தையும் வேகத்தையும் ஒன்றாகக் கூட்டுவார்கள்.

உண்மையில் பழகியது இதயமும் நுரையீரலும்தான். தசைநாரும் எலும்பும் புதிய பாரத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பு ஓரமாக வலி தொடங்குகிறது. 'ஓடினால் சரியாகிவிடும்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு தொடர்ந்தால், எலும்பில் மெல்லிய விரிசல் விழும் அளவுக்குக்கூடப் போகலாம். அப்புறம் ஆறு வாரமோ, அதற்கு மேலோ ஓய்வு எடுத்தாக வேண்டும். அதற்குள் தேர்வு நாள் வந்து போய்விடும்.

சாலையையும் கவனிக்க வேண்டும். மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலையின் ஓரம் சரிவாகவே இருக்கும். தினமும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் விழும். ஒரு பக்க முழங்காலோ இடுப்போ மட்டும் வலித்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். முடிந்தவரை சமமான தெருவையோ பள்ளி மைதானத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது. சாலையில்தான் ஓட வேண்டுமென்றால், எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக ஓடுவதே பாதுகாப்பு.

நெய்வேலி: நிழல் தரும் தைரியம்

பண்ருட்டியைத் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே கும்பகோணம் நெடுஞ்சாலையில் போனால் நெய்வேலி ஆர்ச் கேட். 1956-ல் தொடங்கப்பட்ட என்.எல்.சி. நிறுவனத்துக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட டவுன்ஷிப் இது. முகவரியே 'வட்டம்' எண்ணில்தான் சொல்வார்கள். அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள், குறைவான போக்குவரத்து. ஓடுபவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால், இந்த வசதியே ஒரு தைரியத்தைக் கொடுத்துவிடும். நிழலில் களைப்பு உடனே தெரியாது. 'இன்னும் ஒரு வட்டம்' என்று தூரம் கூடிக்கொண்டே போகும். தார் மட்டும் நிழலில் இருந்தாலும் தார்தான். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது.

சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக இயங்கும் ஊர் இது. நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமலே ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவது சுறுசுறுப்பு போலத் தெரியலாம். ஆனால், ஓட்டத்தில் ஏற்படும் சின்னச் சின்னச் சேதங்களை உடம்பு சரிசெய்வது தூக்கத்தில்தான். ஷிப்ட் மாறும் வாரத்தில் ஓட்டத்தைக் குறைப்பது சோம்பேறித்தனம் அல்ல. முதலில் தூக்கம், பிறகு ஓட்டம்.

'வாரத்துக்கு 10 சதவிகிதம் மட்டும் கூட்டுங்கள்' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களிடம் இதைச் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தக் கணக்குப்படி ஓடியவர்களுக்கும் வழக்கமான பயிற்சி எடுத்தவர்களுக்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரு பிரிவிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. மெதுவாகக் கூட்டுவது நல்லதுதான். ஆனால், கணக்கைப் பார்த்துவிட்டு வலியைப் பார்க்காமல் விட்டால் பயனில்லை.

மணலும் வெறுங்காலும்

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் ஓடுவதற்கும் ஆசை வரும். மணல் மென்மையானது, அதனால் பாதுகாப்பானது என்பது பாதி உண்மை. காய்ந்த மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிநரம்பும் அதிகம் இழுபடும். அலை நனைத்து இறுகிய மணலில், முதலில் பத்து நிமிடம் ஓடிப் பார்ப்பதே போதும்.

வெறுங்காலோடு ஓடலாமா? 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்த சிவ்நாத் சிங், வெறுங்கால் ஓட்டத்துக்குப் பேர் பெற்றவர். ஆனால், அவருடைய பாதம் பல ஆண்டுகளாகப் பழகிய பாதம். பத்து வருடம் செருப்பிலேயே நடந்துவிட்டு, ஒரே நாளில் அவரைப் போல ஓட முடியாது.

தண்ணீர்: குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து

கடலோர மாவட்டத்தில் வெயிலைவிடப் புழுக்கம் பெரிய சவால். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை உலராது, உடல் சூடும் இறங்காது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான முதல் மாரத்தான் நடந்தது. சுவிட்சர்லாந்துக்காக ஓடிய கேப்ரியேலா ஆண்டர்சன் சீஸ், வெப்பத்தில் தள்ளாடியபடி மைதானத்துக்குள் நுழைந்தார். கடைசிச் சுற்றை முடிக்க அவருக்கு ஏறக்குறைய ஆறு நிமிடங்கள் ஆயின. மருத்துவர்கள் அவரைத் தடுக்காததற்குக் காரணம், அவருக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தது. உலகமே கைதட்டிய காட்சி அது. ஆனால், பக்கத்தில் மருத்துவர்கள் இல்லாத நம் ஊர்ச் சாலையில் யாரும் பின்பற்றக் கூடாத காட்சியும் அதுதான்.

அதற்காகக் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவிகிதம் பேருக்கு சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்தது முக்கியக் காரணம். தாகம் எடுக்கும்போது குடிப்பதே பெரும்பாலானோருக்குப் போதும். நீண்ட தூரம் ஓடி அதிகம் வியர்த்தால், உப்புப் போட்ட மோர் நல்லது.

எந்த வலிக்கு நிற்க வேண்டும்?

* இரண்டு தொடைகளும் ஒரே மாதிரி கனமாக வலித்து, இரண்டு மூன்று நாளில் குறைந்தால், அது பழகும் வலி. மெதுவாக நடக்கலாம்.
* ஒரு காலில் மட்டும், விரல் வைத்துக் காட்டும்படி ஓர் இடத்தில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.
* ஓட ஓட வலி கூடினாலோ, நொண்ட வைத்தாலோ, இரவில் எழுப்பினாலோ ஓய்வுதான் மருந்து.
* நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். உடனே மருத்துவமனை போக வேண்டும்.
* வெயிலில் ஓடும் ஒருவர் உளறினாலோ தடுமாறினாலோ, நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

வேகம் சரியா என்று அறிய கைக்கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். வாரத்தில் பெரும்பாலான நாள்கள் இப்படி ஓடிவிட்டு, ஒன்றிரண்டு நாள்கள் மட்டும் வேகமாக ஓடினால் போதும். காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் இதேதான். தேர்வு அறிவிப்பு வந்த நாளிலேயே மெதுவோட்டத்தைத் தொடங்கிவிட்டால், கடைசி மாதத்தில் காலைப் பணயம் வைக்க வேண்டியிருக்காது.

காயம் பட்டவர்கள் ஓட்டத்தையே மறந்துவிட வேண்டும் என்பதும் இல்லை. 2021-ல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா.சுப்பிரமணியன், சாலை விபத்தில் முழங்காலில் அடிபட்டவர். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். ஒவ்வொன்றும் 21 கிலோமீட்டர்!

முதல் பந்தயத்துக்கு எங்கே போகலாம் என்று யோசிப்பவர்களுக்கு, பக்கத்திலேயே ஆரோவில் இருக்கிறது. 2008 முதல் அங்கு செம்மண் பாதைகளில் மாரத்தான் நடத்துகிறார்கள். வெற்றியாளர் அறிவிப்பு கிடையாது, பரிசும் கிடையாது. பக்கத்தில் ஓடுபவரை முந்த வேண்டிய அவசியம் இல்லாததால், உங்கள் கால் என்ன சொல்கிறது என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே ஓடலாம்.