வெறுங்கலம் அன்று

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் என்னைக் கேட்டபொழுது, தமிழாசிரியன் இலக்கியம் பற்றியே எழுதுவான் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் எழுதப் புகுந்ததோ உயிர்க்கலத்தைப் பற்றி. விஞ்ஞானம் கற்றோர் பலர் இருக்கப் பயிற்றப்பட்ட தமிழாசிரியனாகிய எனக்கு இத்துணிவு எங்ஙனம் வந்தது என்பதைக் கூறுதலே என் நோக்கம். இதிலே என் குற்றமொன்றை ஒப்புக்கொள்ளுதலும் அடங்கும்.

சென்ற ஆண்டு விஞ்ஞான ஆசிரியை ஒருவர் மகப்பேற்று விடுமுறையிற் சென்றிருந்தார். பத்தாந்தர வகுப்பொன்றைச் சில வாரங்களுக்கு அதிபர் அவர்கள் என் பொறுப்பில் விட்டார். பிள்ளைகள் சத்தமின்றி இருந்தாற் போதும் என்பதே அவர் கட்டளை. யானோ கற்பிக்கவே தொடங்கிவிட்டேன். கலச்சுவர், கலமென்சவ்வு, குழியவுரு, கரு, இழைமணி, புன்வெற்றிடம் எனக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, செய்யுளை மனனஞ் செய்விப்பது போலப் பன்முறை சொல்வித்தேன். அப்பொழுது பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

“சேர், கலம் என்றால் பாத்திரந்தானே? உள்ளே இருப்பது மட்டுந்தான் உயிரா, பாத்திரத்துக்கும் உயிர் உண்டா?”

“தம்பி, அது தமிழ்ப் பாடத்திற் கேட்க வேண்டிய கேள்வி. இப்பொழுது படத்தை வரையும்” என்றேன். வகுப்புச் சிரித்தது. அவன் தலைகுனிந்து அமர்ந்தான். தமிழ்ச் சொல்லொன்றின் பொருளைக் கேட்டவனைத் தமிழாசிரியனே இங்ஙனம் அடக்கினான் என்பதை நினைந்து அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உண்மை யாதெனில், விடை எனக்குத் தெரியாது. தெரியாமையை மறைக்கவே அவனை அடக்கினேன்.

அதற்கு ஒரு பழங்கதையும் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தபொழுது யான் பதினைந்து வயது மாணவன். தென்மராட்சியிலே கிடுகுக் கொட்டிலொன்றிற் பிற்பகல் வகுப்பு நடைபெற்றது. நுணுக்குக்காட்டிக்கு அங்கே எங்கே போவது? எங்கள் ஆசிரியர் வெங்காயத்தின் மேற்றோற் கலங்களைச் செங்கல் அடுக்கியது போலக் கரும்பலகையில் வரைந்தார். அதனைப் பார்த்து வரைந்தே பரீட்சையிற் புள்ளியும் பெற்றேன். கையில் வெண்கட்டியன்றி வேறொன்றும் இல்லாத அப்பெரியாரைக் குறை கூறேன். பின்னர் ஆசிரியனாக வந்து, ஆய்வுகூட வாயிலை நாள்தோறும் கடந்தும், ஒருமுறையேனும் உள்ளே சென்று பாராதவன் யானே.

மறுநாட் காலை ஆய்வுகூட உதவியாளரின் துணையை நாடினேன். வெங்காயச் செதிலின் உட்புறத் தோலை உரித்து, வழுக்கியில் இட்டு, ஒரு துளி அயடீன் சேர்த்து, மூடித்துண்டால் மூடினார். கேள்வி கேட்ட மாணவனையே முதலிற் பார்க்கச் செய்தேன். இரண்டாவதாக யான் பார்த்தேன். வரிசை வரிசையாக அறைகள். ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒதுங்கிய கபில நிறக் கரு. முப்பது ஆண்டுகளுக்கு முன் வரைந்த படத்தின் பொருளை அன்றுதான் கண்டேன்.

ஆங்கிலேயராகிய றொபேட் ஹூக் என்பவர் 1665ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, தக்கையின் மெல்லிய சீவலிற் கண்டவற்றைச் சிற்றறை எனப் பொருள்படும் பெயரால் வழங்கினார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெறுஞ் சுவர்களே. கருவுக்கு றொபேட் பிறவுண் பெயரிட்டது 1831ஆம் ஆண்டில். அறையின் பெயர் முன்னே வந்தது; அறையிற் குடியிருப்பதைப் பற்றிய அறிவு பின்னே வந்தது. யானும் அவ்வழியே சென்றவன் என்க.

நிற்க. மாணவனின் கேள்விக்கு விடை இன்னும் கிடைக்கவில்லை. அதனைத் தந்தது எங்கள் தோட்டத்து றியோச் செடி. அதன் இலையின் கீழ்ப்புறம் ஊதா நிறமானது. அத்தோலின் கலங்களிலே பெரும்பகுதியை நிரப்பி நிற்பது புன்வெற்றிடம். நிறம் அதன் சாற்றில் உள்ளது. செறிந்த உப்புநீரை விட்டதும் கலத்தின் நீர் பிரசாரணத்தால் வெளியேறியது. ஊதாப் பகுதி சுருங்கிச் சுவரைவிட்டு விலகியது. சுவரோ இருந்தபடியே இருந்தது. இதுவே முதலுருச்சுருக்கம். உப்புநீரை அகற்றி நன்னீர் விட்டபொழுது, சுருங்கியது மெல்ல விரிந்து மீண்டும் சுவரைத் தொட்டது. வகுப்பு முழுவதும் மூச்சடக்கிப் பார்த்தது.

செலுலோசாலான சுவர் நீரையும் கரைந்த உப்பையும் தடுப்பதில்லை. அதன் உள்ளே அமைந்த கலமென்சவ்வே இதை விடு, அதை விடாதே எனத் தெரிந்து செய்வது. கொழுப்பும் புரதமும் சேர்ந்தமைந்த அச்சவ்வின் தடிப்பு ஏறத்தாழ 8 நனோமீற்றர். ஒரு கடதாசித் தாளின் தடிப்பிற் பத்தாயிரத்திலொரு பங்கு எனலாம். அதற்குள்ளே கருவின் கட்டளைப்படி இறைபோசோம்கள் புரதங்களை ஆக்குகின்றன. இழைமணிகள் உணவின் சத்தியை வேலைக்கு உதவும் வடிவிற்கு மாற்றுகின்றன. சவ்வு அழியுமாயின் சாறு கசியும், கலம் மடியும். ஆகவே, அம்மாணவனை நோக்கி, “தம்பி, பாத்திரத்துக்கும் உயிர் உண்டு. உமது கேள்வி விஞ்ஞானக் கேள்வியே. நேற்று யான் சொன்னது பிழை” என்று வகுப்பின் முன் கூறினேன்.

கலம் என்னும் சொல் பாத்திரத்தை மட்டும் குறிப்பதன்று. உண்கலம், அணிகலம், படைக்கலம், மரக்கலம் என அது பல பொருள் தரும். இவற்றுள் உயிர்க்கலத்துக்கு மிகப் பொருந்துவது மரக்கலமே எனக் கருதுகிறேன். புறத்தே நீர் சூழ, வேண்டிய சரக்கை ஏற்றியும் வேண்டாததை இறக்கியும் மூழ்காது செல்வதல்லவா அது?

1995இல் எங்கள் வாழ்வும் சுவரைவிட்டு விலகிச் சுருங்கியது. 1996இல் திரும்பிவந்து அதே சுவர்களுக்குள் மீண்டும் நிரம்பினோம். உவமையை இதற்குமேல் நீட்ட விரும்பிலேன்.

பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவ்வகுப்பில் முப்பத்தெட்டு மாணவர். பழுதின்றி இருந்த நுணுக்குக்காட்டி ஒன்றே. ஒவ்வொருவருக்கும் கிடைத்தது அரை நிமிடம். நீங்கள் எமக்குச் சுவர்கள் பல எழுப்பித் தந்தீர்கள், நன்றியுடையோம். இவ்விழாவின் நினைவாக இன்னும் சில நுணுக்குக்காட்டிகள் தருவீர்களாயின், காணாததை வரைந்து புள்ளி பெறும் நிலை என்னோடு ஒழியும்.