எரித்த பாலேடு

சென்ற கோடையில் ரயில்வே பாஸ் எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு நாகபுரியிலிருந்து புதுச்சேரிக்குப் பிரயாணமானேன். சென்னை வந்து, விழுப்புரம் வழியாக மாலையில் சென்று இறங்கினோம். 1954-ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த நகரம் அது. கடலோரத் தெருக்கள் இன்றும் பிரெஞ்சுப் பெயர்களைத் தாங்கி, மஞ்சள் மதில்களும் காகிதப்பூக் கொடிகளுமாய் விளங்குகின்றன.

அங்கே ஓர் உணவு விடுதியில் 'கிரேம் புருலே' என்னும் இனிப்பை உண்டோம். எரித்த பாலேடு என்பது அப்பெயரின் பொருள். ஆழமற்ற பீங்கான் கிண்ணம். அதன்மேல் கண்ணாடி போன்ற பழுப்புச் சர்க்கரைத் தகடு. என் மகள் கரண்டியால் தட்டவே, அது 'டக்'கென்று உடைந்தது. மேலே இளங்கசப்பு கலந்த இனிப்பு. கீழே குளிர்ந்து வழுவழுப்பான பாகம்.

இதன் பிறப்பிடம் பற்றி மூன்று நாட்டார் வழக்காடுகின்றனர். ஸ்பெயின் தேசத்துக் கட்டலோனியர், மார்ச் 19-இல் சூசையப்பர் திருநாளுக்குத் தாங்கள் செய்யும் இனிப்பே மூத்தது என்பர். ஆங்கிலேயர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியைச் சுட்டுவர். அங்கே காய்ச்சிய இரும்பால் கல்லூரிச் சின்னத்தைச் சர்க்கரைமேல் பொறிப்பதுண்டு. ஆயினும், இப்பெயரால் நாம் அறிந்தவற்றுள் பழைய செய்முறை, பிரெஞ்சுச் சமையற்கலைஞர் பிரான்சுவா மாசியலோ 1691-இல் வெளியிட்ட நூலில் உள்ளது. அடுப்புக் கரண்டியைச் சிவக்கக் காய்ச்சிச் சர்க்கரையை எரிக்கச் சொன்னார் அவர்.

இன்றைய செய்முறை இது: அரை லிட்டர் பாலேட்டை வெனிலாவுடன் சூடாக்கி, ஐந்து முட்டைகளின் மஞ்சட்கருவும் 100 கிராம் சர்க்கரையும் சேர்த்து அடித்த கலவையில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். வடிகட்டிக் கிண்ணங்களில் நிரப்பி, அவற்றின் பாதி உயரத்துக்கு வெந்நீர் நிற்கும் தட்டில் வைத்து, 150 டிகிரி சூட்டில் ஓவனில் சுமார் 40 நிமிஷம் வேகவிட வேண்டும். நடுப்பகுதி சற்றே அசையும்போதே எடுத்து, நான்கு மணி நேரம் குளிரவைக்க வேண்டும். பரிமாறும் வேளையில் சர்க்கரை தூவிச் சுடரால் எரிக்க வேண்டும்.

ஊர் திரும்பிய நான், அவசரத்தில் அடுப்பின்மீதே கொதிக்கவிட்டேன். முட்டை திரிந்து பொரியலாயிற்று! எழுதியிருந்த முறையை மறுபடி படித்துச் செய்தேன், வாய்த்தது.

அப்போது காலஞ்சென்ற என் தாயாரை நினைத்தேன். அவர் கிண்டிய திரட்டுப்பாலின் அளவை நாங்கள் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. மறுபடி படித்துத் திருத்திக்கொள்ள என்னிடம் ஏதுமில்லை. அக்கைப்பக்குவம் அவரோடே போயிற்று. மாசியலோவின் இனிப்போ, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வாழ்கிறது.

வெளியூர்களில் வாழும் சகோதர சகோதரிகளே! உங்கள் அன்னையரின் சமையலை இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.