முதலை விழுங்கிய பெரியபுராணம்

பணியில் இருந்தவரை கம்ப்யூட்டர் என்றால் எனக்கு பேக்கிங் லிஸ்ட்டும் இன்வாய்ஸும்தான். திருப்பூரில் முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் குப்பை கொட்டியவன். ஓய்வுக்குப் பிறகு பேரன் தன் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். கணியம் தளத்தில் தமிழிலேயே இருக்கும் பாடங்களைப் படித்து, கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் அளவுக்குத் தேறினேன்.

வேலை வந்தது அக்காவால். அவிநாசியில் இருக்கிறார். கண்ணில் நீர் அழுத்தம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "தம்பி, கண்ணு தெரியறப்பவே பெரியபுராணத்த ஒருக்கா முழுசாப் படிச்சுப்போடோணும். புஸ்தகத்துல எழுத்து எறும்பாட்டம் இருக்குது" என்றார். டேப்லெட் என்றால் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாமே.

மதுரைத் திட்டம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் காசு வாங்காமல் தட்டச்சு செய்து ஏற்றிய நூல்கள். ஆனால் கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். பிஎம்யுனி 0001 என்றால் திருக்குறள். அக்காவுக்கு நம்பரைக் கொடுத்து என்ன செய்வது?

பெரியபுராணம் மட்டும் போதும்தான். ஆசை விடவில்லை. நாலு வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒன்றிலிருந்து ஐந்நூறு வரை எண்ணு, ஒவ்வொரு எண்ணுக்கும் டபிள்யூகெட்டைக் கூப்பிட்டுக் கோப்பை இறக்கு, அவ்வளவுதான். முதல் தடவை ஒன்றுகூட வரவில்லை. நான் கேட்டது 1, அங்கே இருப்பது 0001. முன்னால் பூஜ்யங்களைச் சேர்த்ததும் மளமளவென்று இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஐந்து விநாடி நிற்கச் சொல்லியிருந்தேன். சும்மா தருகிறவர்கள் வாசலில் முட்டி மோதக் கூடாதல்லவா? வராத சிலவற்றைக் கையால் இறக்கினேன்.

அடுத்து பெயர் மாற்றம். ஒவ்வொரு கோப்புக்குள்ளும் தலைப்பு வரி இருக்கும். அதன் முதல் சொல்லை எடுத்துக் கோப்புக்குப் பெயராக வை என்று எம்வி கட்டளைக்குச் சொன்னேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. பெருமையோடு டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து போன். "ஏண்டா தம்பி, ஆரம்பத்தயே காணோம்? கடைசிதான் இருக்குது. மத்தத முதலை முழுங்கிப்போச்சா?"

அவிநாசிக்காரர் பேச்சு அப்படித்தான் இருக்கும். சுந்தரர் பதிகம் பாடி, முதலை விழுங்கிய பிள்ளையை மீட்ட ஊராயிற்றே.

எண்ணிப் பார்த்தேன். 470 கோப்பு இறக்கியதில் மிச்சம் 388. பெரியபுராணம் பல கோப்புகளாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தலைப்பின் முதல் சொல் ஒன்றே. ஒரே பெயர் திரும்ப வந்தால் எம்வி கேள்வி கேட்காது, பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்துவிடும். குப்பைத்தொட்டியிலும் இருக்காது. அதனால்தான் கடைசிப் பகுதி மட்டும் பிழைத்தது.

கட்டிங் மேசையில் வெட்டிய கட்டுக்கு நம்பர் போடாமல் தையலுக்கு அனுப்பினால், ஒரே பனியனில் உடம்பு ஒரு சாயம், கை ஒரு சாயமாக வரும். இதற்காக எத்தனை பையன்களைத் திட்டியிருப்பேன்! அந்த நான், இருந்த நம்பரைக் கழற்றி எறிந்திருக்கிறேன். வீட்டம்மா சிரித்ததை எழுதப் போவதில்லை.

மறுபடி இறக்கினேன். இந்த முறை நம்பரை முன்னால் வைத்து, பெயரைப் பின்னால் சேர்த்தேன். எம்விக்குப் பதில் நகல் எடுக்கும் சிபி. அதிலும் ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதாதே என்று ஒரு குறிப்பு. ஓட்டுவதற்கு முன், என்ன செய்யப் போகிறாய் என்று திரையில் மட்டும் காட்டச் சொல்லி வரிவரியாகப் பார்த்தேன்.

அக்கா முதலிலிருந்து தொடங்கிவிட்டார். நாளைக்குப் பத்துப் பாட்டு. மொத்தம் 4,000-க்கு மேல். கணக்குப் போட்டால் ஒரு வருஷம் தாண்டும். நான் வாய் திறந்து சொல்லவில்லை. நேற்றுப் பேசும்போது அவரே சொன்னார், "பதினஞ்சாக்கிட்டேன் தம்பி."